விட்டுப்போன அஞ்சு மாசம்

"அக்கா, உன் ஏஜென்ட் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்!"

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான் சித்தார்த்தன்.

அமுதவல்லி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

புருஷன் இறந்த பிறகு மரக்காணத்தில் ரெண்டு ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறாள். மகள் சரண்யாவின் நர்ஸிங் படிப்புக்காக 2004 ஜூலையிலிருந்து மாசம் ஐநூறு ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறாள். ஏஜென்ட் மரியதாஸ் மொபெட்டில் வந்து பணத்தை வாங்கிப்போய் கட்டுவார். வாங்கியதற்கு ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

இப்போது சரண்யாவுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதினாறாயிரம் கட்டியாக வேண்டும். ஃபண்டில் அவ்வளவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் தம்பியைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ரெண்டு வருஷம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறான்.

"இந்த சாஃப்ட்வேர்ல என் முதலீடு மொத்தமும் இருக்குதுக்கா. எது ஏறுது, எது படுத்துடுச்சு, எல்லாம் பைசா சுத்தமா காட்டிடும். போன வருஷம் எனக்கு முப்பத்தெட்டு பர்சன்ட் லாபம்!"

"அதெல்லாம் எனக்குப் புரியாதுடா. ஏமாத்திட்டாருன்னியே, அதைச் சொல்லு."

"ரெண்டு வருஷத்துக்கு இருபத்துநாலு கையெழுத்து இருக்கணும். நோட்டுல பத்தொம்பதுதான் இருக்குது. சுனாமிக்கு அப்புறம் ரெண்டு மாசம் காணோம். போன மழைக்கு மூணு மாசம் காணோம். உன்கிட்ட காசை வாங்கிக்கிட்டு அமுக்கிட்டான்."

"ஐயோ, அவர் மேல பழி போடாதே. அந்த அஞ்சு மாசம் நான் குடுக்கவே இல்லடா. உப்பளம் பூரா தண்ணி. எங்கேர்ந்து குடுப்பேன்? 'பரவாயில்ல தங்கச்சி, முடியறப்ப கட்டு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

சித்தார்த்தன் பத்தொம்பது தவணையையும் தட்டினான். நேற்று சென்னையிலேயே இறக்கி வைத்திருந்த யூனிட் விலையைப் போட்டான்.

"பதினாலாயிரத்து நூறு வருது. ரெண்டாயிரம் துண்டு விழும்க்கா."

அமுதவல்லியின் முகம் விழுந்துவிட்டது. தம்பியைப் பார்த்தாள்.

"எனக்கும் இந்த மாசம் ஃபிளாட்டுக்குக் கட்ட வேண்டியிருக்குது. நீ யார்கிட்டயாவது கைமாத்து கேட்டுப் பாரேன்" என்றான்.

வாசலில் மொபெட் சத்தம். மரியதாஸ், வியர்த்து வழிய உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

"இதுல கையெழுத்துப் போடு தங்கச்சி. வியாழக்கிழமை பணம் உன் பேங்குக்கு வந்துடும்."

"ஒரு நிமிஷம்" என்று குறுக்கே வந்தான் சித்தார்த்தன். "ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்க. கையெழுத்தெல்லாம் அப்புறம். இதுல உங்களுக்கு எவ்வளவு நிக்குது?"

"ஐநூறுக்குப் பத்து, பதினோரு ரூபா கமிஷன் வரும் தம்பி."

"அந்தப் பத்து ரூபாய்க்கா இந்த வெயில்ல வண்டி ஓட்டுறீங்க? நம்பற மாதிரி சொல்லுங்க!"

"டேய்!" என்றாள் அமுதவல்லி.

மரியதாஸ் பையைத் திறந்தார். ஸ்டேட்மென்ட்டை நீட்டினார்.

சித்தார்த்தன் விரல் வைத்து எண்ணினான். மறுபடி எண்ணினான். இருபத்துநாலு தவணை இருந்தது. விட்டுப்போன அஞ்சு மாசத்தையும் லேப்டாப்பில் சேர்த்தான். திரையில் தொகை மாறியது.

"பதினேழாயிரத்து நானூத்தி இருபது" என்றான்.

"நான் கட்டாத மாசமெல்லாம் எப்படி அண்ணே வந்துச்சு?" அமுதவல்லி ஃபாரத்தைத் தள்ளி வைத்தாள். "யார் காசு இது? ஊரார் காசுல என் பொண்ணு படிக்க வேணாம். யாருதோ அவங்ககிட்டயே குடுத்துடுங்க."

மரியதாஸ் அவளைப் பார்த்தார். சித்தார்த்தனைப் பார்த்தார்.

"ஊரார் காசு இல்லம்மா. எல்லாம் தம்பி அனுப்பினதுதான். அக்காவுக்குத் தெரிய வேணாம்னு சொல்லியிருந்தாரு. நீ ஃபாரத்தைத் தள்ளவும் நான் உடைச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க தம்பி."

அமுதவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. மளமளவென்று கையெழுத்துப் போட்டாள். மரியதாஸ் ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கூனிமேட்டுல ஒருத்தர் காத்திருக்காரு. வரேன் தங்கச்சி."

மொபெட் கிளம்பிப் போய்விட்டது. அமுதவல்லி தம்பியின் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ அனுப்பின பணம் ஒழுங்கா சேந்துச்சான்னு பாக்கத்தான் அந்த அஞ்சு மாசத்தையே கிளறினியா? கூடப் பொறந்தவன்னா இப்படித்தாண்டா இருக்கணும். இந்த நன்றியை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சித்தார்த்தன் மெல்லக் கையை உருவிக்கொண்டான்.

"அவர் வண்டி போன பக்கம் பாத்துக் கும்பிடுக்கா. நான் உனக்கு ஒத்த ரூபா அனுப்பினதில்ல."