ஜர்பூவுக்கு அரிசி

வருஷக்கணக்கில் குவைத் பாலைவனத்தில் ஆடு மேய்த்துவிட்டு ஊர் திரும்பிய ஏசுவடியான், அந்தி சாய்ந்ததும் வாசலுக்கு அப்பால் தேரிச் செம்மணலில் ஒரு கை அரிசியை இறைத்துவிட்டுக் காத்து நின்றான்.

“யாருக்குப் போடுதிய?” என்றாள் மனைவி ஞானப்பூ.

“ஜர்பூவுக்கு. எலி மாதிரி இருக்கும். பின்னங்கால் நீளம், தாவித் தாவி வரும். அங்க எனக்கு அது ஒண்ணுதான் பேச்சுத்துணை.”

“நம்ம தேரியில அப்படி ஒண்ணைப் பாத்ததே இல்லையே.”

“இங்க கிடையாதுதான்.”

பிறகு ஏன் இறைத்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை.

“அப்ப அங்க இன்னைக்கு அதுக்கு யாரு போடுவா?”

ஏசுவடியான் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டான். எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.