ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்த வரவேற்பாளர்

"உங்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியுமாம்மா?"

நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்தவளிடம் மேனேஜர் கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். எடுத்த எடுப்பிலேயே வரும் என்று நினைக்கவில்லை.

"தெரியாது சார்."

"குடோன்ல பாரம் தூக்குற வண்டி! அதுல மூணு வருஷ அனுபவம்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"ஸ்கூட்டராவது ஓட்டுவீங்களா?"

"பின்னாடி உட்காருவேன் சார்."

மேனேஜர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை மேசைமேல் விட்டெறிந்தார்.

"இது ஆஸ்பத்திரிம்மா. வரவேற்பு மேசையில உட்காரப் போற ஆளு வாசல்லயே பொய் சொன்னா எப்படி? பஸ் நிலையத்துல விசாரணை கவுண்டர்ல இருந்தேன்னு போட்டிருக்கீங்களே, அதுவும் புளுகா?"

"அது சத்தியம் சார். கவுண்டரை மூடிட்டாங்க. வீட்டுக்காரரும் இப்ப சும்மாதான் இருக்கார். முதல்ல உண்மையை மட்டும் எழுதித்தான் சார் அனுப்பினேன். அனுப்பின கையோட உங்க கம்ப்யூட்டர் 'தகுதி போதாது'ன்னு பதில் போட்டுடுச்சு. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே பாட்டு."

"கம்ப்யூட்டர் சும்மா தள்ளாது. விளம்பரத்துல கேட்ட வார்த்தையெல்லாம் இருக்கான்னு பார்க்கும். ஒண்ணு குறைஞ்சாலும் தூக்கிப் போட்டுடும்."

"அதான் சார். ஃபோர்க்லிஃப்ட் குறைஞ்சது. சேர்த்தேன். அன்னிக்கே கூப்பிட்டுட்டீங்க."

"விளம்பரத்துல ஃபோர்க்லிஃப்டா? எந்த விளம்பரத்துல?"

போனை நீட்டினாள். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"வரவேற்பாளர் தேவை. இனிய பேச்சு, பொறுமை, கணினி அறிவு, ஃபோர்க்லிஃப்ட் இயக்குவதில்..."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது மருந்து குடோனுக்குப் போட்டதாச்சே... தலைப்பை மட்டும் மாத்தி நான்தான்..." மீதியை மென்று விழுங்கினார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ வேலை, சார்?"

மேனேஜர் போனைத் திருப்பிக் கொடுத்தார். சட்டையை நீவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விளம்பரம் எப்படி இருந்தா என்னம்மா? பொய் பொய்தான். இங்க நேர்மைதான் முதல் தகுதி. போயிட்டு வாங்க."

எழுந்தாள். கதவுப் பிடியில் கை வைக்கும்போது மேசைத் தொலைபேசி அலறியது. ஸ்பீக்கரில் பெரிய டாக்டரின் குரல்.

"என்னய்யா, வரவேற்பு மேசை மாசக்கணக்கா காலியாக் கிடக்கு! எக்ஸ்ரே எடுக்க வந்தவன் பிரசவ வார்டுல போய் நிக்கிறான். ஒருத்தர்கூடவா தேறல? விளம்பரத்துல ஏதாவது கோளாறா?"

"விளம்பரமெல்லாம் பக்காவா இருக்கு டாக்டர்," என்றார் மேனேஜர். "நேர்மையான ஆளுதான் ஒருத்தரும் கிடைக்க மாட்டேங்கறாங்க."