குழியில் நின்ற தண்ணீர்

காலையில் குழியில் ஊற்றிய தண்ணீர், மதியமாகியும் இறங்காமல் அப்படியே நின்றது.

"செப்டிக் டேங்குக்கு இந்த மண் ஆகாது. வீடு கட்ட அனுமதி கிடையாது," என்றார் ஆய்வாளர்.

"நீங்க மனசு வச்சா முடியாதா? நடக்க முடியாத பொண்ணைத் தூக்கிட்டு மாடி ஏறி ஏறி என் இடுப்பே விட்டுப்போச்சு," என்று கெஞ்சினாள் அவள்.

"சுத்தக் களிமண். கழிவெல்லாம் மேலே பொங்கி, பக்கத்து வீட்டுக் கிணத்துல கலக்கும். அங்கேயும் குழந்தைங்க இருக்கு."

"உங்களுக்குக் கல்நெஞ்சு!"

மண்வெட்டியோடு அவர் காருக்கு வந்தார். பின் இருக்கையில் படுத்திருந்த சிறுமி ஆவலாகத் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, அம்மா அங்கேயே நிக்கிறாங்களே, நம்ம வீடு எப்போ கட்டப் போறோம்?"

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார் ஆய்வாளர்.