மணலுக்கு அடியில் நீலம்

"எம்பேரு மிஃபுயு. ஆறு வயசு," என்றாள் அவள், கியோகாவின் முகத்தைப் பார்க்காமல். மணல் பெட்டியின் நடுவில் ஒரு பொம்மை வீட்டை வைத்து, அதற்குள் ஒரு சிறுமி பொம்மையை உட்கார வைத்தாள்.

கியோகா வாயை இறுக்கிக்கொண்டாள். விளையாடும் குழந்தையிடம் கேள்வி கேட்கக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது. அது செய்வதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். போன வருடத் தேர்வில் இந்த வாயால்தான் தோற்றாள். இன்றும் தோற்றால் குழந்தைகளுக்கு ஆலோசகராகும் ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எதிரில் இருந்த 'குழந்தை'க்கு ஐம்பது வயது. கூடப் பயிற்சி பெறும் தோகியே. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்த வேஷம், 'பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் குழந்தை'. சீட்டில் அவ்வளவுதான், குழந்தைக்குப் பெயர்கூட இல்லை. ஆனாலும் அந்தக் குரல் அசல் ஆறு வயதுக் குரலாகவே இருந்தது.

தோகியே விரலால் மணலை விலக்கினாள். நீலம் பூசிய அடிப்பலகை தெரிந்தது. வீட்டைச் சுற்றி நீலம் பெருகிக்கொண்டே வந்தது.

"தண்ணி வருது," என்றாள் கியோகா, விதிப்படி.

"எல்லாரும் மலைமேல ஓடிட்டாங்க. நான் போகல. 'நான் வர்ற வரைக்கும் வெளிய போகாத'ன்னு அம்மா ஃபோன்ல சொன்னாங்க. நான் சமத்தா வீட்லயே இருந்தேன்."

அறையில் ஒருவரும் அசையவில்லை. அந்தக் கடற்கரை ஊரில் அது எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கியோகாவால் தாங்க முடியவில்லை. "அம்மா மேல கோவமாடா செல்லம்?" என்று கேட்டே விட்டாள்.

விரல் நின்றது. அந்தச் சின்னக் குரல் சொன்னது: "தெரியலயே."

மணி அடித்தது.

"போச்சு! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ? கேள்வி கேட்டுட்ட. ஃபெயில்," என்றார் பயிற்சியாளர் குமகாய்.

"போகட்டும் மேடம்." கியோகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தோகியேக்கா, என்னமா நடிச்சீங்க!"

தோகியேயின் கை இன்னும் பொம்மை வீட்டின் கூரை மேலேயே இருந்தது.

நடித்தவர்கள் எழுந்து நின்று, தாங்கள் உண்மையில் யார் என்பதை உரக்கச் சொல்லி வேஷத்தைக் கழற்ற வேண்டும். சொல்லாமல் யாரும் அறையை விட்டு வெளியேற முடியாது.

"ம், எழுந்திருங்க தோகியே. சொல்லுங்க, நீங்க யாரு?"

தோகியே மெல்ல எழுந்தாள். குரல் அவளுடையதாகத் திரும்பியிருந்தது.

"நான் மிஃபுயுவோட அம்மா."