ஆள் இல்லாத ஸ்டம்பு

"இன்னைக்கு முதல் ஓவரை உங்க பையனுக்குக் கொடுக்கிறதா இல்லைம்மா. கோவிச்சுக்காதீங்க."

சொல்லிவிட்டுக் கேப்டன் குனிந்து கால்காப்பின் வாரை இறுக்கினான். அவன்தான் விக்கெட் கீப்பரும். டீக்காரம்மா நிமிரவில்லை. தகரக் கூரை போட்ட கிளப் அறையின் மூலையில், பால் பாத்திரத்தின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவன்தான் போடணும். சீசனோட முதல் ஓவர் எப்பவும் அவனுக்குத்தான்."

கேப்டனுக்கு ஒரு பதில் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

மருந்துக் கம்பெனி வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவன் அவன். போன சீசனின் நடுவில்தான் கிளப்பில் சேர்ந்தான். கேப்டன் பதவியை யாரும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லாததால் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு காலத்தில் மூன்று அணி இறக்கிய கிளப்பாம். அலமாரியில் துருப்பிடித்துக் கிடந்த கேடயங்களைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருந்தது. பிறகு ஏதோ ஒரு சீசனில் பாதிப் பேர் ஒன்றாக நின்றுவிட்டார்கள். ஏன் என்று பழைய ஆட்களைக் கேட்டால், வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வருஷம் கடைசி இடம். சீசனைத் தொடங்கும் இன்றைய தகுதி ஆட்டத்திலும் தோற்றால் லீக்கை விட்டே வெளியே. லீக்கில் இல்லாத கிளப்புக்கு மைதானம் எதற்கு என்று, அதை லாரி நிறுத்துமிடமாக்கக் காத்திருந்தது நகராட்சி.

இந்த லட்சணத்தில் முதல் ஓவர் எக்ஸ்பிரஸுக்காம்!

வேகமெல்லாம் அந்தப் பட்டப்பெயரோடு சரி. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் மனிதருக்கு நாற்பது தாண்டிவிட்டது. போன சீசனில் அவர் போட்டதெல்லாம் வைட். பேட்ஸ்மேன் ஏணி வைத்து நீட்டினாலும் எட்டாத வைட். அதைப் பிடிக்கப் பாய்ந்து பாய்ந்து, கேப்டனின் முழங்கை தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு விஷயம் மட்டும் அவனுக்குப் புரியவில்லை. பயிற்சி வலையில் ஒற்றை ஸ்டம்பை நட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டால், எக்ஸ்பிரஸ் பந்துக்குப் பந்து அதைப் பெயர்த்து எறிவார். முன்னால் ஒரு ஆள் பேட்டோடு வந்து நின்றால் போதும், கை கோணிக்கொள்ளும். ஆட்டமென்றால் உதறல் எடுக்கிற ஜாதி என்று கேப்டன் முடிவுகட்டியிருந்தான்.

அன்று காலை எக்ஸ்பிரஸே அவனை ரோலருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"இந்த வருஷமாவது என்னை விட்டுடுங்க கேப்டன். நீங்களா முடிவு பண்ணின மாதிரி அம்மாகிட்டச் சொல்லிடுங்க. நான் கேட்டேன்னு தெரிய வேண்டாம்."

"இந்த வயசுலயும் அவங்களுக்கு இப்படிப் பயப்படுறீங்களே?"

எக்ஸ்பிரஸ், சுத்தமாக இருந்த ரோலர் கைப்பிடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கேப்டனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குவதை அவன் பார்த்திருக்கிறான். அவள் இறங்குவதற்கு முன்னால் இவர் பையை வாங்கிக்கொள்வார். அவள் சாப்பிட்ட பிறகுதான் இவர் டப்பாவைத் திறப்பார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லையாம். ஒரு மனிதனை இப்படியா கைக்குள் வைத்திருப்பது என்று அவன் பலமுறை நினைத்ததுண்டு.

வெளியே அம்பயர் கூப்பிட்டார். கேப்டன் கையுறையை மாட்டிக்கொண்டே எழுந்தான். இனிமேல் பூசி மெழுகிப் பயனில்லை.

சுவரில், மீசை அரும்பத் தொடங்கிய ஒரு பையன் பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிக்கும் படம் மாட்டியிருந்தது. கேப்டன் அதைக் காட்டினான்.

"வந்ததும் முதல் வேலையா இதைத் துடைக்கிறீங்க. இந்த வயசு இப்ப அவருக்குத் திரும்பி வராதும்மா. உங்க பையன் மறுபடி ஜொலிக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும். அதுக்காக வருஷா வருஷம் இழுத்துட்டு வந்து, அத்தனை பேர் முன்னாடி அவரை அவமானப்படுத்துறது பாசமில்லை. கொடுமை."

பேசி முடித்த பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. வாசலில் நின்ற இரண்டு ஆட்டக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள்.

டீக்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். ஈரக்கையை மெதுவாகத் துடைத்தாள். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஜன்னல் வழியே எல்லைக் கோட்டைப் பார்த்தாள். எக்ஸ்பிரஸ் அங்கே வெறுங்கையோடு, தண்டனைக்குக் காத்திருப்பவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"எங்களை நீ சரியாத்தான் பாத்திருக்கே தம்பி. ஆளைத்தான் மாத்திப் பாத்துட்டே," என்றாள்.

பிறகு படத்தின் பக்கம் திரும்பினாள்.

"இவன்தான் என் பையன். சீசனோட முதல் பயிற்சி ஆட்டம், முதல் ஓவர். பயிற்சிதானேன்னு ஹெல்மெட் போட்டுக்காம நின்னான். நெத்தியில பட்ட பந்தைப் போட்டவன் என் கால்ல விழ வந்தான், வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. பந்தை அவன் கையில கொடு. அவன் போட்டதை ஒரு பிள்ளை தடுத்துட்டு உயிரோட நிக்கிறதை, நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவன் ஒரு தடவை பாத்துடட்டும்."