அரை டேங்க்

வயது இருபத்து நாலு. ஊரைவிட்டு இந்த ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்து பதினோரு மாதம். தற்போதைய இருப்பிடம், ஐம்பது வருடப் பழைய கார் ஒன்றின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால். வாயெல்லாம் பெட்ரோல். டியூப் போட்டு உறிஞ்சி டேங்க்கைக் காலி செய்தபோது ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. துப்பத் துப்பத் துரு நாற்றம்தான் வந்தது.

"டேய், ஊத்துடா," என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலைக் கேட்டாலே அவனுக்குக் குமட்டியது. காரின் சொந்தக்காரர். ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். மூக்கையும் அதன் கையிலேயே துடைப்பார்.

தினமும் மகள் தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலில் நின்று போன் பேசுவாள். இவர் உள்ளே வந்து, புதுப்பெண்டாட்டியைத் தடவுகிற மாதிரி காரைத் தடவிக்கொண்டே போய் டிரைவர் சீட்டில் ஏறுவார். இந்த வயதில் இதற்கு ஒரு கொஞ்சல் வேறு என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பெட்ரோல் முள் பொய் சொல்கிறது என்பது புகார். அவர் ஓட்டிப்போனபோது இரண்டு தடவை நடுரோட்டில் டேங்க் வறண்டு வண்டி நின்றுவிட்டது. முள் அரை டேங்க் காட்டியது என்று மகளிடமும் முதலாளியிடமும் அடித்துச் சொன்னார்.

சோதிக்க ஒரே வழிதான். டேங்க்கைக் காலி செய்து, ஐந்தைந்து லிட்டராக ஊற்ற வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முள் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். என் வண்டி முள்ளை நான்தான் பார்ப்பேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

நாலு நாளாக இதே கூத்து. பத்து லிட்டர் ஊற்றினால் முக்கால் என்பார், இருபது ஊற்றினால் கால் என்பார். ஓடிப்போய் எட்டிப் பார்த்தால் முள் சமர்த்தாகச் சரியான இடத்தில் நிற்கும். இப்போதுதான் நகர்ந்தது என்று சாதிப்பார்.

அவன் டேங்க்குக்குள் பெட்ரோலை அளக்கிற மிதவையை மாற்றினான், வயரை மாற்றினான், மீட்டரையே கழற்றி மாட்டினான். காலையில் முதலாளி, இன்றைக்கும் முள் சரியாகவில்லையென்றால் பெட்டியைக் கட்டு, ஊருக்கு டிக்கெட் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவனுக்குப் பொறி தட்டியது அப்போதுதான். கோளாறு முள்ளில் இல்லை. மனுஷன் ஏழைப்பட்டவனை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறான்.

டேங்க் மேலிருந்த வயரைச் சத்தமில்லாமல் பிடுங்கினான். அது இல்லாமல் முள் காலி என்ற கோட்டைவிட்டு மயிரிழை எழும்பாது. பிறகு கேனைக் கவிழ்த்தான்.

"எங்க நிக்குது சார்?"

"கால்."

இன்னொரு கேன். "இப்ப?"

"அரைடா. இன்னைக்குத்தான் ஒழுங்கா வேலை பாத்திருக்க."

அவன் நேராகப் போய் ஜன்னலில் கையை ஊன்றினான். பெட்ரோலைவிட எதிரிலிருந்த முகம் அதிகமாகக் குமட்டியது.

"வயரே இல்ல சார். முள்ளு செத்துக் கிடக்கு. நீங்க கால்ங்கறீங்க, அரைங்கறீங்க. என் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுல என்ன சார் சந்தோஷம்? இருங்க, முதலாளியக் கூப்பிடறேன், உங்க பொண்ணையும் கூப்பிடறேன். அவங்க முன்னாடி சொல்லுங்க."

கோட்டுக்காரர் அவசரமாகக் கையை நீட்டித் துழாவி, ஜன்னலில் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு நாளில் முதல்முறையாக அவர் குரலில் 'டா' இல்லை.

"எனக்குக் கண்ணு தெரியலன்னு எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தம்பி."