தலையாட்டி

தலையாட்டியின் தலை அன்றைக்கும் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் பிளேயர், காதில் இயர்போன், கண்கள் பாதி மூடியிருந்தன. சோதனைக் கூடத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தான், குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடியும் நடந்தான்.

அதுதான் அவன் வேலை. கம்பெனி தயாரிக்கும் பாட்டு பிளேயர் ஒரு மனிதனின் பையில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க, காலையிலிருந்து மாலை வரை அதை மாட்டிக்கொண்டு நடமாட வேண்டும். சேர்ந்த அன்றே தலைமைப் பொறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பாட்டு ஓடுற வரைக்கும்தான்யா உனக்கு வேலை. அது நின்னா நீயும் வீட்டுக்கு."

பொறியாளருக்கு அவனைக் கண்டாலே இளக்காரம். "தலை நரைச்ச ஆளுக்குச் சம்பளம் குடுத்துப் பாட்டு கேக்க வைக்கிறோம். என்ன ஒரு ஜென்மம்!" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார். அதற்கும் அவன் தலை ஆடும். பொறியாளர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இன்றைக்கு மேஜை மேல் கெட்டுப்போய்த் திரும்பி வந்த பிளேயர்கள் குவிந்து கிடந்தன. ஒன்றைப் பிரித்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டார் பொறியாளர். மறுமுனையில் மச்சான். கம்பெனிக்கு சாக்கெட் சப்ளை செய்பவன்.

இயர்போன் பின்னைச் செருகுகிற ஓட்டைதான் சாக்கெட். அதற்கு இரண்டு வகைக் கால்கள் உண்டு. ஒரு வகை பாட்டைக் கடத்தும். மற்றது பிடிகால், சும்மா போர்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். ஆனால் பையிலிருந்து பிளேயரை எடுக்கும்போதெல்லாம் இயர்போன் பின் கடப்பாரை மாதிரி சாக்கெட்டை நெம்புமே, அந்த நெம்பலைத் தாங்குவது இந்தப் பிடிகால்தான். அது இல்லாவிட்டால் முழு பாரமும், பாட்டுக் காலைப் போர்டோடு ஒட்டியிருக்கும் பொட்டளவு ஈயப்பற்றின் தலையில் விழும். ஈயம் வெடிக்கும். முதலில் ஒரு காதில் பாட்டு அடங்கும், பிறகு இரண்டிலும்.

"மச்சான், அடுத்த லோடும் பிடிகால் இல்லாத சரக்கே அனுப்பு. மிச்சமாகுற காசுல பாதி எனக்கு. உள்ள பிரிச்சு எவன் பாக்கப் போறான்? வாங்குறவன் பூரா மாங்கா மடையன். கெட்டுப்போச்சுன்னு வந்தா, 'நீதான் பிடிச்சு இழுத்துட்டே'ன்னு சொல்லித் துரத்திடலாம்... முதலாளியம்மாவா? அந்தம்மாவுக்கு ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாது... இங்கயா? யாருமில்ல. தலையாட்டி ஒருத்தன் இருக்கான். காதுல பாட்டு, மண்டைல களிமண்ணு."

பேச்சு சுவாரசியத்தில் அவர் கை பட்டு, கடுகளவு ஸ்க்ரூ ஒன்று மேஜையிலிருந்து தரையில் விழுந்தது. முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்த தலையாட்டி திரும்பி வந்து, குனிந்து தேடி, அதை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இதுக்காவது உதவுறியே" என்று உதட்டைப் பிதுக்கினார் பொறியாளர்.

போனை வைத்ததுதான் தாமதம், முதலாளியம்மா உள்ளே வந்தார். கையில் ஒரு பை நிறைய பிளேயர்கள். கடைக்காரர் ஒருவர் வாசலில் கொட்டிவிட்டுப் போனவை.

"எல்லாமே சாக்கெட்லதான் போகுதாம். ஏன் சார்? இப்படியே போனா கம்பெனியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்."

"ஜனங்க கை அப்படிம்மா. ஒயரை மாட்டுக் கயிறு மாதிரி இழுக்குறாங்க. நம்ம சரக்குல ஒரு கோளாறும் கிடையாது. இதோ, இவன் போட்டிருக்கறதும் அதே பிளேயர்தான். வந்த நாள்லேர்ந்து மாட்டிக்கிட்டு நடக்குறான், இன்னும் பாடுது. தலையைப் பாருங்க!"

முதலாளியம்மா தலையாட்டியிடம் போய், இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். பொறியாளர் ஒருநாளும் செய்யாத காரியம் அது. கண்டவன் காதில் கிடந்ததைத் தொடவே அவருக்கு அருவருப்பு.

"ஒண்ணும் கேக்கலையே சார்."

பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளேயரைப் பறித்துப் பிரித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. பழி போட ஆள் கிடைத்துவிட்டான்!

"பாருங்கம்மா, ஈயம் சுத்திவர வெடிச்சிருக்கு. புது வெடிப்புன்னா பளபளன்னு இருக்கும். இது கறுத்துப்போய், உள்ள தூசி ஏறிக் கிடக்கு. இன்னிக்கு நேத்து போனதில்ல. வந்த புதுசுலயே பிடுங்கி உடைச்சிருக்கான். அதுக்கப்புறம் இதுல ஒரு பாட்டு, ஒரு வரி ஓடியிருக்காது!"

"அவ்வளவு நிச்சயமா சொல்றீங்களா?"

"என் சர்வீஸ் மேல சத்தியமா சொல்றேன்மா! இத்தனை மாசமா செத்த பிளேயரை மாட்டிக்கிட்டு, சும்மா தலையை ஆட்டியே சம்பளம் வாங்கியிருக்கான், திருட்டுப் பய. முதல்ல இவனை வெளிய தள்ளுங்க."

தலையாட்டியின் தலை இப்போது ஆடவில்லை. எந்த வேலைக்காக இத்தனை நாள் தலையை ஆட்டினானோ, அது போய்விட்டது.

முதலாளியம்மா அவன் பக்கம் திரும்பினார். "நிஜமா? இத்தனை மாசமா உங்க காதுல ஒண்ணுமே கேக்கலையா?"

அவன் பொறியாளரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான்.

"பாட்டுதாம்மா கேக்கல. சார் அவரு மச்சான்கிட்ட பேசுறது நல்லா கேட்டுச்சு."